பூட்டா, பரிசோதனையா, தடுப்பூசியா, தடப்பதிவா: முதல் செலவு எதற்கு?

பால் ஆலை, இறைச்சிக் கூடம், முட்டை நிலையம் என்று எதை நடத்துபவர் கேட்டாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "யாராவது வேண்டுமென்றே நோய்க்கிருமியைக் கலந்துவிட்டால் என்ன செய்வது? கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும். பரிசோதனைக் கூடம் வைக்கலாமா, கதவுக்குக் காவல் போடலாமா?" கேட்பவர்களில் பலர் பதிலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். பரிசோதனைக் கூடம் என்பதுதான் அந்தப் பதில். அதற்கு ஒரு தலையாட்டல் கிடைத்தால் போதும் அவர்களுக்கு. எனக்குத் தலையாட்ட மனம் வரவில்லை. பரிசோதனை தேவைதான், முதல் செலவாக அது தவறு என்பது என் கட்சி.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். விலங்குகளோடு தொடர்புடைய கிருமிகள் உணவுக்கு இரண்டு வழிகளில் கேடு செய்கின்றன. சால்மொனெல்லா, புருசெல்லா போன்றவை விலங்கிடமிருந்து மனித உடலுக்கே வருபவை. இங்கே ஆபத்து தட்டில் இருக்கிறது. கோமாரி நோய், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போன்றவை உண்பவருக்கு ஒன்றும் செய்வதில்லை. மந்தையை அழிக்கும், சந்தையை மூடும். இங்கே ஆபத்து தொழுவத்தில் இருக்கிறது. முதல் வகைக்கான தற்காப்பை வாங்கிவிட்டு இரண்டாவதிலிருந்தும் தப்பிவிட்டதாக நினைப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. எந்தக் கிருமியை எப்படிக் கலப்பார்கள் என்ற விவரங்களுக்குள் நான் போகவில்லை. தற்காப்பைத் தேர்ந்தெடுக்க அவை தேவையும் இல்லை.

## அளவுகோல்கள்

1984 செப்டம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தி டால்ஸ் என்ற சிறு நகரத்தில் மக்கள் வயிற்றுப்போக்கோடு மருத்துவர்களிடம் வரத் தொடங்கினார்கள். பத்து உணவகங்களின் சாலட் மேசைகளில் சால்மொனெல்லா கலக்கப்பட்டிருந்தது. 751 பேர் நோயுற்றார்கள், 45 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. செய்தவர்கள் அருகில் குடியேறியிருந்த, ரஜனீஷ் (ஓஷோ) என்ற சாமியாரின் சீடர் குழுவினர். உள்ளூர்த் தேர்தல் நாளில் எதிர்த்து வாக்களிக்கக்கூடியவர்களைப் படுக்கையில் தள்ளுவது அவர்கள் திட்டம்.

இதில் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. நோய் பரவுவது விரைவிலேயே தெரிந்தது. கிருமி இன்னது என்று ஆய்வகம் சரியாகச் சொன்னது. உணவைக் கையாண்ட ஊழியர்களின் சுகாதாரக் குறைவே காரணம் என்று சுகாதாரத் துறை முடிவுகட்டியது. உண்மை வெளிவர ஓராண்டு ஆனது, அதுவும் குழுவுக்குள் பிளவு ஏற்பட்டு ஒருவரை ஒருவர் குற்றம்சாட்டிக்கொண்ட பிறகு. கிருமியின் பெயர் தெரிந்தும் கை யாருடையது என்பது தெரியவில்லை.

இந்தச் சம்பவத்தை மனத்தில் வைத்துத்தான் நான்கு கேள்விகளை அமைத்திருக்கிறேன்.

முதலாவது, இந்த ஏற்பாடு கெடுதலைத் தடுக்கிறதா, நடந்த பிறகு சொல்கிறதா? பிறகு சொல்வதானால், எவ்வளவு நேரம் கழித்து?

இரண்டாவது, சீருடை போட்டுக்கொண்டு முறையாக உள்ளே வருபவரிடம் இது செல்லுபடியாகுமா? வேலி தாண்டி வருபவனைப் பற்றியே எல்லோரும் யோசிக்கிறார்கள். வேலி தாண்டத் தேவையில்லாதவர்தான் ஆபத்தானவர்.

மூன்றாவது, ஒன்றும் நடக்காத நாட்களில் இதனால் என்ன பயன்? வேண்டுமென்றே செய்யும் கலப்பு மிக அரிது. அதற்காக மட்டும் வாங்கிய கருவி மூன்றாம் ஆண்டு தூசி படிந்து கிடக்கும். நான்காம் ஆண்டு அதை இயக்கத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அன்றாடக் கவனக்குறைவையும் சேர்த்துத் தடுக்கும் ஏற்பாடுகள்தான் நிலைக்கின்றன.

நான்காவது, விலைப்பட்டியலில் வராத செலவு.

## பரிசோதனை

பரிசோதனையின் கவர்ச்சி அது தரும் காகிதத்தில் இருக்கிறது. "கிருமி இல்லை" என்று அச்சிட்ட சான்று கையில் இருந்தால் வாங்குபவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. அந்த நிம்மதியின் எடையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு தொகுதியில் (ஒரே ஓட்டத்தில் தயாரான சரக்கில்) நூற்றுக்கு ஒரு பொட்டலம் கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 60 மாதிரிகளை எடுத்துச் சோதித்தால் ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு 45 சதவீதம். நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றுக் குறைவு. 95 சதவீத நம்பிக்கை வேண்டுமானால் 300 மாதிரிகள் தேவை. கெட்டது ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 60 மாதிரிகள் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 6 சதவீதத்தையும் தொடாது. 95 சதவீதத்துக்கு ஏறக்குறைய 3,000 மாதிரிகள் எடுக்க வேண்டும். இத்தனைக்கும் சோதனை ஒருபோதும் பிழை செய்யாது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. எந்த நாளில், எந்த நேரத்தில் மாதிரி எடுக்கப்படும் என்பதும் உள்ளே இருப்பவருக்குத் தெரியும்.

அடுத்தது நேரம். சால்மொனெல்லாவை வளர்த்து உறுதிசெய்யும் பழைய முறைக்கு நான்கைந்து நாட்கள் ஆகும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் முறையிலும் கிருமியைப் பெருக்கும் நேரத்தைச் சேர்த்தால் ஓரிரு நாட்கள். பாக்கெட் பாலுக்கு அதற்குள் ஆயுளே முடிந்துவிடும். சோதனை தேடச் சொன்ன கிருமியை மட்டும் தேடும் என்பதையும் மறக்கக் கூடாது. பட்டியலில் இல்லாத கிருமிக்கு அந்தக் காகிதம் எதையும் சொல்வதில்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது பொய் எச்சரிக்கை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாக "இல்லை" என்று சொல்லும் சோதனையை ஆயிரம் நல்ல தொகுதிகள் மீது நடத்தினால் பத்துத் தொகுதிகள் காரணமின்றி மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் நிறுத்தி, வைத்திருந்து, மறுபடி சோதிக்க வேண்டும். ஏழாவது பொய் எச்சரிக்கைக்குப் பிறகு எட்டாவதை யாரும் பதறிப் பார்க்கமாட்டார்கள். எட்டாவது உண்மையானதாக இருக்கலாம்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது. கிருமியை வளர்த்துச் சோதிக்கும் கூடம் ஒப்பீட்டுக்காகக் கிருமியை வைத்திருக்கும். அதாவது, இதுவரை உங்கள் வளாகத்தில் இல்லாத ஒன்றை நீங்களே உள்ளே கொண்டுவருகிறீர்கள். 2007இல் இங்கிலாந்தில் கோமாரி நோய் வெளிப்பட்டபோது, கிருமி வந்தது பிர்பிரைட்டில் இருந்த ஆய்வு வளாகத்திலிருந்துதான் என்று விசாரணையில் தெரியவந்தது. பழுதடைந்த கழிவுநீர்க் குழாய்கள் வழியே கசிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். உலகத் தரத்தில் இயங்கிய இடத்துக்கே அந்தக் கதி. ஆலைக்குள் வைப்பதைவிட வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

பால் பவுடர், முட்டைப் பவுடர் போல நெடுநாள் இருக்கும் பொருளானால் என் பதில் மாறும். அங்கே சரக்கை நிறுத்திவைத்து, முடிவு வந்த பிறகு வெளியே விடலாம். புதிதாகச் சேரும் விற்பனையாளரை எடைபோடவும், ஒரு சம்பவத்துக்குப் பிறகு எவ்வளவு தூரம் பரவியது என்று வரையறுக்கவும் பரிசோதனைக்கு இணையில்லை.

## பூட்டும் ஆட்களும்

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2016இல் வேண்டுமென்றே செய்யும் கலப்புக்கு எதிராக ஒரு விதி கொண்டுவந்தது. ஆலைகள் தங்கள் பலவீனத்தை ஆராயும்போது உள்ளாளைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது அது. அதற்கான நிர்வாகத்தின் வழிகாட்டுதல் அதிகக் கவனம் கேட்கும் வேலைகள் என்று நான்கைப் பெயர் சொல்கிறது: திரவத்தை மொத்தமாக இறக்குவதும் ஏற்றுவதும், திரவத்தைச் சேமிப்பதும் கையாள்வதும், துணைப் பொருள்களைக் கையாள்வது, கலக்குவது. நாலாபுறமிருந்தும் வருவது ஒரே கலத்தில் கூடும் இடங்கள் இவை. ஆலை முழுவதையும் கோட்டையாக்க வேண்டாம், இந்த நாலைந்து இடங்களைக் காத்தால் பெரும்பகுதி முடிந்தது என்பதால்தான் இந்த வழி மலிவாகிறது.

செய்ய வேண்டியவை பெரிய வித்தை இல்லை. தொட்டி மூடிக்குப் பூட்டு. டேங்கருக்கு எண்ணிட்ட சீல், ஏற்றிய இடத்தில் குறித்த எண்ணும் இறக்கும் இடத்தில் பார்க்கும் எண்ணும் ஒன்றா என்ற சரிபார்ப்பு. கலக்கும் இடத்தில் யாரும் தனியாக நிற்கக் கூடாது என்ற ஏற்பாடு. பகுதிக்கு ஒரு நிறத்தில் மேலங்கி, இடம் மாறி நிற்பவர் கண்ணில் உடனே பட. இரவில் வரும் துப்புரவுக் குழுவுக்கும் பழுதுபார்க்க வருபவர்களுக்கும் இதே விதிகள். இவர்களைப் பட்டியலில் சேர்க்க மறப்பவர்களே அதிகம்.

ஒரு ஆலையைச் சுற்றிப் பார்த்தபோது, வாசலிலிருந்து வாகன நிறுத்தம் வரை கேமராக்களைப் பெருமையோடு காட்டினார்கள். தொட்டி மூடிகளில் நல்ல பூட்டுகளும் இருந்தன. சாவிகளைக் கேட்டேன். பக்கத்துச் சுவரில் ஒரே ஆணியில் அத்தனையும் தொங்கின. ஒவ்வொரு முறையும் மேற்பார்வையாளரைத் தேடி அலைய முடியவில்லை என்றார் அங்கிருந்தவர். அவரைக் குறை சொல்லமாட்டேன். வேலையை மெதுவாக்கும் பூட்டு எப்படியும் திறந்துகொள்ளும். ஷிப்டுக்கு ஒரு சாவிக்காரரை நியமித்திருந்தால் அந்த ஆணிக்கு வேலை இருந்திருக்காது. அந்த ஆளுக்கான ஊதியம் விலைப்பட்டியலில் வராத செலவு.

இதைவிடக் கனமான மறைசெலவு மனக்கசப்பு. பையைச் சோதிப்பது, ஜோடியாக நிற்கச் சொல்வது எல்லாம் ஊழியருக்கு "உன்னை நம்பவில்லை" என்று கேட்கும். 2013இல் ஜப்பானில் ஒரு உறைநிலை உணவு ஆலையின் பொருள்களில் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது தெரியவந்தது. கலந்தவர் அங்கேயே வேலை செய்த ஒப்பந்த ஊழியர். ஊதியம் பற்றிய அதிருப்தி பின்னணியில் பேசப்பட்டது. அது கிருமி இல்லை, ரசாயனம். ஆனாலும் பாடம் அப்படியே பொருந்தும். முறையீட்டைக் காது கொடுத்துக் கேட்கும் ஏற்பாட்டை நான் பாதுகாப்புச் செலவில்தான் எழுதுவேன். சக ஊழியரின் நடத்தையில் ஏதோ சரியில்லை என்று பயமில்லாமல் வந்து சொல்லக்கூடிய ஒருவர், பத்துக் கேமராக்களுக்குச் சமம்.

அன்றாடப் பயன் இங்கே தாராளம். திருட்டு, தண்ணீர் கலப்பது, தவறான மூட்டையைக் கொட்டுவது எல்லாமே இதே ஏற்பாட்டில் குறையும். இது கைவிடும் இடமும் தெளிவாகவே இருக்கிறது. கெடுதல் வாசலுக்கு வெளியே நடந்திருந்தால் உள்ளே பூட்டு என்ன செய்யும்? 2008இல் சீனாவில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்த பாலால் ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலும் பால் ஆலைக்கு வருமுன், சேகரிக்கும் கட்டத்திலேயே நடந்த கலப்பு அது.

சூடாக்குவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி வைக்கும் வழக்கம் விலங்குவழிக் கிருமிகளில் பெரும்பாலானவற்றை முடித்துவிடும். சூட்டைத் தாங்கும் உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும் (ஸ்போர்) கிருமிகளுக்கும், சூட்டுக்குப் பிறகு சேர்வதற்கும் அது பதிலாகாது. ஏற்கெனவே செய்துவரும் வேலை என்பதால் அதைத் தனித் தேர்வாக எடுக்கவில்லை.

## தொழுவத்தில் தற்காப்பும் தடுப்பூசியும்

2001 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ஓர் இறைச்சிக் கூடத்துக்கு வந்த பன்றிகளில் கோமாரி நோய் தெரிந்தது. அது கண்ணில் பட்ட நேரத்தில் குறைந்தது 57 பண்ணைகளுக்கு நோய் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. சந்தைகளில் ஆடுகள் கைமாறிய வேகம் அப்படி. அடங்குவதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அரசுக்கும் தனியாருக்குமாகச் சேர்ந்த இழப்பு 800 கோடி பவுண்டு அளவில் மதிப்பிடப்பட்டது. சூடாக்காத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்டதே தொடக்கம் என்று நம்பப்படுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஒருவர் திட்டமிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதை அளக்க இதைவிடத் துல்லியமான அளவுகோலும் இல்லை.

இதற்குத் தடுப்பூசி போட்டுவிடலாமே என்பது இயல்பான கேள்வி. கோமாரி வைரஸில் ஏழு வகைகள் உண்டு. ஒரு வகைக்கான ஊசி மற்றொன்றைத் தடுக்காது. பாதுகாப்பு சில மாதங்களில் தேய்வதால் திரும்பத் திரும்பப் போட வேண்டும். நோய் இல்லாத நாடுகளுக்குச் சந்தைக் கணக்கும் உண்டு. உலக விலங்கு நல அமைப்பின் விதிப்படி, நோய்ப்பட்ட மந்தைகளை அழித்து, ஊசி போடாமல் சமாளித்தால் மூன்று மாதத்தில் நோயற்ற தகுதியைத் திரும்பக் கேட்கலாம். ஊசி போட்ட மாடுகளை உயிரோடு வைத்திருந்தால் வழக்கமாக ஆறு மாதம். அந்த மூன்று மாத வித்தியாசம் ஏற்றுமதியாளருக்குக் கழுத்தில் கத்தி. 2001இல் நெதர்லாந்து ஊசி போட்டு நோயை நிறுத்தியது, பிறகு ஊசி போட்ட கால்நடைகளையே கொன்றது. இப்படிப்பட்ட விதிகளின் விலை அது.

தட்டுக்கு வரும் கிருமிகளில் நிலைமை வேறு. பிரிட்டனில் முட்டைக் கோழிகளுக்குச் சால்மொனெல்லா தடுப்பூசி போடும் தரத்திட்டம் 1998இல் பரவலான பிறகு முட்டைவழி நோய் வெகுவாகக் குறைந்தது. 2017இல், அந்தத் திட்டத்தின் முத்திரை உள்ள முட்டைகளைக் கர்ப்பிணிகளும் அரைவேக்காட்டில் உண்ணலாம் என்று உணவுத் தர முகமை சொல்லும் அளவுக்கு நிலைமை மாறியது. ஆனால் இட்ட பிறகு முட்டையில் யாரோ செய்யும் கெடுதலுக்குக் கோழிக்குப் போட்ட ஊசி ஒன்றும் செய்யாது.

ஊசியைவிட நான் மேலாக வைப்பது பண்ணை வாசல் ஒழுங்கை. புதிதாக வரும் மாட்டைச் சில வாரம் தனியே கட்டுவது, வெளி வாகனத்தை வேலிக்கு வெளியே நிறுத்துவது, தீவனம் எங்கிருந்து வந்தது என்று எழுதிவைப்பது, மாடு எச்சில் ஒழுக்கி நொண்டினால் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவது. கடைசியில் சொன்னதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நோயைச் சொன்னால் மந்தை போகும், இழப்பீடு வராது என்ற நிலை இருந்தால் எந்தப் பண்ணையாளரும் வாய் திறக்கமாட்டார். அவர் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த 57 என்ற எண் ஏறும். இழப்பீட்டு நிதியைத் தற்காப்புச் செலவாக எழுத வேண்டியது அரசின் வேலை.

## தடப்பதிவும் திரும்பப் பெறுதலும்

தடப்பதிவு என்பது எந்தச் சரக்கு எங்கிருந்து வந்து எங்கே போனது என்ற பதிவு. இது எதையும் தடுக்காது. முதல் அளவுகோலில் தோற்றுப்போன இதை நான் இரண்டாம் இடத்தில் வைப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

2011இல் ஜெர்மனியை மையமாகக் கொண்டு ஒரு கொடிய ஈ.கோலி கிருமி பரவியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழி விழுந்தது. முளைவிட்ட விதைகள்தான் காரணம் என்று தெரிவதற்குள் இரண்டு வாரங்கள் ஓடிவிட்டன. குற்றமற்ற விவசாயிகளின் விளைச்சல் அழுகியது. எந்த உணவு எங்கிருந்து வந்து எங்கே போனது என்று சீக்கிரம் சொல்ல முடியாதபோது நோய் மட்டுமா கொல்கிறது, சந்தேகமும் கொல்கிறது. திட்டமிட்டுச் செய்பவருக்கு அந்தச் சந்தேகமே பாதி வெற்றி.

வால்மார்ட் நிறுவனம் ஒரு மாம்பழப் பொட்டலம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தபோது பழைய முறையில் ஏறக்குறைய ஏழு நாட்கள் ஆனது. பதிவுகளைப் பிளாக்செயினில் (பலர் பகிர்ந்துகொள்ளும், எழுதியதை எளிதில் மாற்ற முடியாத மின்பதிவேட்டில்) கோத்த பிறகு 2.2 விநாடி. இந்தக் கதையைச் சொல்லி மென்பொருள் விற்க வருபவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: அந்த இரண்டு விநாடிக்குப் பின்னால் வழிநெடுக ஒவ்வொருவரும் ஒழுங்காகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு கைமாற்றம் விட்டுப்போனால் மென்பொருள் வெறும் அலங்காரம். ஒழுங்காக எழுதிய நோட்டுப் புத்தகம் அதைவிட மேல்.

இங்கே பெரிய முடிவு தொகுதியின் அளவு. தொட்டியை நடுவில் கழுவாமல் ஒரு வாரம் ஓட்டினால் அந்த வாரச் சரக்கு முழுவதும் ஒரே தொகுதி. திரும்பப் பெற நேர்ந்தால் எல்லாமே போகும். மேலே சொன்ன ஜப்பானிய ஆலை 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்களைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. அடிக்கடி கழுவினால் நேரமும் தண்ணீரும் போகும், விபத்தின் அளவு சிறியதாக இருக்கும். இந்தப் பேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த ஆலைகளைக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | தடுக்குமா? | உள்ளாளிடம்? | அன்றாடப் பயன் | மறைசெலவு |
|---|---|---|---|---|
| பரிசோதனை | அரிதாக. பெரும்பாலும் பிறகு சொல்லும் | பலவீனம் | நடுத்தரம் | பொய் எச்சரிக்கை, காத்திருப்பு |
| பூட்டும் ஆட்களும் | ஆம், வாசலுக்கு உள்ளே | வலுவானது | அதிகம் | வேகக் குறைவு, மனக்கசப்பு |
| பண்ணை ஒழுங்கு | ஆம், மந்தை நோய்க்கு | ஓரளவு | மிக அதிகம் | உழைப்பு, இழப்பீடு |
| தடுப்பூசி | குறிப்பிட்ட வகைக்கு மட்டும் | பொருந்தாது | நோயைப் பொறுத்தது | மறு ஊசி, ஏற்றுமதித் தகுதி |
| தடப்பதிவு | இல்லை. சேதத்தைச் சுருக்கும் | ஓரளவு | அதிகம் | விட்டுப்போகும் பதிவு |

## யாருக்கு எது

திரவத்தைப் பெருமளவில் கலக்கும் ஆலை: பூட்டும் ஆட்களும் முதலில், தடப்பதிவு அடுத்து, பரிசோதனை மூன்றாவது. பவுடர் ஆலையானால் பரிசோதனையை இரண்டாவதாகக் கொண்டுவரலாம்.

பண்ணையாளர்: வாசல் ஒழுங்கு. ஊசியைப் பொறுத்தவரை உங்கள் வட்டாரத்தில் எந்த வகை சுற்றுகிறது என்று தெரிந்த கால்நடை மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். தனியாக எடுக்கும் முடிவில்லை அது.

உணவகம்: வாடிக்கையாளர் கையால் எடுத்துக்கொள்ளும் மேசை இருந்தால், அதன் மேல் எப்போதும் ஒரு ஊழியரின் கண் இருக்கும்படி இடத்தை மாற்றுங்கள். தி டால்ஸில் நடந்ததற்கு எதிராக ஆய்வகத்தைவிட இது அதிகம் உதவியிருக்கும்.

இறைச்சிக் கூடத்தை நடத்துபவருக்குத்தான் உண்மையில் இழுபறி. மந்தை நோயை முதலில் பார்க்கும் கண்ணும் அவரிடம், தட்டுக்குப் போகும் கிருமியின் கடைசி வாசலும் அவரிடம். வெட்டுமுன் உயிரோடு பார்க்கும் பரிசோதனையை அவசரப்படுத்தாமல் செய்ய ஓர் ஆளைக் கூடுதலாக வைப்பது, பூட்டுக்கும் முந்திய செலவு அவருக்கு. 2001இல் நோயைக் கண்டுபிடித்தது அப்படி ஒரு கண்தான்.

எந்த வகையினரானாலும், பணம் செலவழிக்கும் முன் இந்த வாரமே ஒரு காரியம் செய்து பார்க்கலாம். கடையிலிருந்து உங்கள் பொட்டலம் ஒன்றை வாங்கி வாருங்கள். அதில் உள்ள எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அதே தொகுதி எங்கெல்லாம் போயிருக்கிறது, அன்று கலக்கும் இடத்தில் யார் யார் நின்றார்கள், டேங்கர் சீல் எண் என்ன என்று கேளுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கு அரை நாளுக்கு மேல் ஆனால் தடப்பதிவு நோட்டிலிருந்து தொடங்குங்கள். மற்ற இரண்டுக்கும் பதிலே வரவில்லை என்றால் தொட்டி மூடியிலிருந்து.